கதவுப் பக்கத்து ஜாயிண்ட்

ஜாபஸைப் பற்றி அண்ணனூரில் விசாரித்தால் யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நல்லதாகவும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்ல என்ன இருக்கிறது? ஐம்பத்திரண்டு வயது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, மனைவி ஹில்டா. ஒரே மகளைத் திருநின்றவூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. தினமும் காலை ஏழே காலுக்கு ரயில் பிடித்து, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடந்து போய், எட்டு மணிக்கு வெல்டிங் முகமூடிக்குள் தலையை விட்டாரானால் மாலை ஐந்தரைக்குத்தான் வெளியே எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசிக்கு முந்தின வரிசை. ஒரு தரம் சபைக் கமிட்டித் தேர்தலில் யாரோ விளையாட்டாக அவர் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பதினோரு ஓட்டு விழுந்தது. அந்தப் பதினோரு பேர் யார் யார் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தார்.

பயந்த சுபாவம். ரோடைக் கடக்க நாலு பேர் சேரும்வரை காத்திருப்பார். பேங்கில் கையெழுத்து மாறிப்போகுமோ என்று வீட்டிலேயே ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொண்டு போவார். அவர் வேலையில் சுத்தம் என்று பெயர் எடுத்ததற்கும் அந்த பயம்தான் காரணம். மற்றவர்கள் திறமையால் ஒழுங்காக வெல்டிங் போட்டார்கள் என்றால் இவர் பயத்தால் ஒழுங்காகப் போட்டார். பயப்படுகிறவனை இந்த ஊரில் யாரும் மெச்சுவதில்லை, ஆனால் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்.

மனோகரன் என்கிற சேலத்துக்காரரின் பட்டறை அது. மொத்தம் பதினாறு பேர். ஆவியும் காற்றும் அடைக்கிற பிரஷர் டேங்குகள் செய்வார்கள். பிரஷர் டேங்க் என்றால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துவிடக் கூடாது. உள்ளே அடைபட்ட ஆவி எந்நேரமும் வெளியே வர வழி தேடிக்கொண்டே இருக்கும். தகட்டில் அதற்கு வழி கிடையாது. தகடும் தகடும் சேர்கிற இடத்தில், வெல்டரின் கை அசந்த இடத்தில்தான் வழி. அதனாலேயே யார் எந்த ஜாயிண்டைப் போட்டார்களோ அவர்கள் அதன் ஓரத்தில் தங்கள் நம்பரை இரும்பு அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதித்துவைக்க வேண்டும் என்று வழக்கம். ஜாபஸ் நம்பர் ஏழு.

மூன்றாம் நம்பர் தமிழரசு. முப்பத்து நாலு வயது, பட்டறையின் ராஜா. அவன் போட்ட ஜாயிண்ட் நல்ல கைக்காரி கட்டின பூச்சரம் மாதிரி ஒரே சீராக இருக்கும். மனோகரன் அதை போனில் படம் எடுத்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவார். ஜாபஸின் ஜாயிண்டை யாரும் படம் எடுத்ததில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. "அவன் கை வேற, நம்ம கை வேற" என்று ஹில்டாவிடமே சொல்லியிருக்கிறார். தன் வேலையில் ஆயிரம் சந்தேகப்படுகிற மனிதர் தமிழரசுவின் வேலையில் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

இனி அந்த ஆயுத பூஜை சமாச்சாரம். கனமான இரும்புக்குப் போடுகிற வெல்டிங் ராடுகளுக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிகிறதே, அந்த மாதிரி அதுவும் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் ராடுகளை எப்போதும் ஒரு மின்சார ஓவனில் சூடாகவே வைத்திருப்பார்கள். ஈர ராடால் வெல்டிங் போட்டால் அந்த ஈரம் வாயுவாகப் பிரிந்து உருகின இரும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஜாயிண்ட் நன்றாகத்தான் இருக்கும், எக்ஸ்ரே எடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். எல்லோரும் கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று நாள் கழித்து, இரும்பு உள்ளுக்குள்ளேயே மயிரிழை போல விரியும்.

பூஜை அன்று பட்டறையில் எல்லா இயந்திரங்களுக்கும் ஓய்வு. லேத், டிரில்லிங், கிரைண்டர் எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். ஓவனும் இயந்திரம்தானே? அதையும் அணைத்துப் பொட்டு வைத்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் மற்ற வருஷங்களில் பூஜைக்கு அடுத்து நாலு நாள் அவசர வேலை எதுவும் இருக்காது. ராடுகளை மறுபடி வறுத்தெடுக்க நேரம் கிடைக்கும். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது, பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு ரப்பர் கம்பெனிக்கான பெரிய குக்கர் திங்கட்கிழமை லாரி ஏற வேண்டியிருந்தது. குக்கர் என்பது பட்டறையில் வைத்த பேர். படுக்கவைத்த உருளை, ஒரு பக்கம் திறந்து மூடுகிற கதவு, மறுபக்கம் நிரந்தரமான மூடி. உள்ளே ரப்பர் உருளைகளை வைத்து, ஆவி ஏற்றி வேக வைப்பார்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு தரம் ஏற்றுவது, இறக்குவது. பின்பக்கத்து மூடியைத் தமிழரசு பூஜைக்கு முந்தின வாரமே போட்டு முடித்திருந்தான். கதவு உட்கார்கிற கனமான வளையம் பாக்கி. அது ஜாபஸுக்கு.

ஓவனை அணைக்கும்போது ஜாபஸ் பக்கத்தில்தான் நின்றார். 'இதை மட்டும் ஓட விடுங்க' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பதினாறு பேரில் அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். எல்லோரும் கையில் சூடத்தோடு நிற்கும்போது, 'இதற்கு மட்டும் பூஜை வேண்டாம்' என்று அவர் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஒருத்தரும் தப்பாக எடுத்திருக்க மாட்டார்கள். தமிழரசுவே ஓடிப்போய் சுவிட்சைப் போட்டிருப்பான். வருஷக்கணக்காகக் கூடவே சாப்பிட்டவர்களிடம் வாய் திறக்க அந்த அளவுகூட அவருக்குத் தைரியம் வரவில்லை. சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, கொடுத்த பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் மழை. சனிக்கிழமை காலை வந்து தொட்டுப் பார்த்தால் ஓவன் சில்லென்று இருந்தது. ராடை மறுபடி வறுக்க மூன்று மணி நேரமாவது ஆகும். மனோகரனிடம் போய் நின்றார்.

"ரெண்டு நாள்தானே ஜாபஸ்? ஓவன் மூடித்தானே இருந்துச்சு? எக்ஸ்ரே எடுக்கிற ஆள் நாலு மணிக்கு வந்துடுவான். ஆரம்பிங்க" என்றார் மனோகரன்.

ஆரம்பித்தார். அதைத் தவிர அவருக்கு என்ன தெரியும்? மாலை எக்ஸ்ரே எடுத்தார்கள். சுற்றளவு முழுக்க எடுப்பதில்லை. அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு, ஏதோ பெண் பார்க்கப் போனவர்கள் வாசலோடு திரும்புகிற மாதிரி. படம் சுத்தமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே தண்ணீர் நிரப்பி ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றினார்கள். ஏற்றின அழுத்தத்திலிருந்து முள் இறங்கவில்லை. ஜாபஸ் கதவுப் பக்கத்து ஜாயிண்டின் ஓரத்தில் ஏழு என்று அடித்தார். திங்கட்கிழமை லாரி போய்விட்டது.

அதே கம்பெனிக்கு அடுத்து செய்ய வேண்டிய குக்கரின் வளையத்திலும் அந்தச் சனிக்கிழமை ஒரு முழம் போட்டுவைத்திருந்தார். வியாழக்கிழமை அதைத் தொடரப்போகும்போது சுத்தியலால் தட்டினார். சத்தம் சரியில்லை. விரிசலுக்குள் இறங்கிக் காட்டிக்கொடுக்கிற சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு எழும்பியது. ஒரு சாண் நீளம். இது இங்கே இப்படி என்றால் லாரியில் போனது?

மனோகரன் கோட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"இதை அரைச்சு எடுத்துட்டு மறுபடி போடுங்க. போனதைப் பத்திப் பேச வேண்டாம். அதுக்கு எக்ஸ்ரே இருக்கு, டெஸ்ட் பேப்பர் இருக்கு."

"சார், அது விரியறதுக்கு முன்னாடி எடுத்த எக்ஸ்ரே சார். ஒரு தபா திரும்ப வாங்கி உள்பக்கமா பாத்துட்டா..."

"திரும்ப வாங்கினா அப்புறம் எவன் நமக்கு ஆர்டர் கொடுப்பான்? பதினாறு குடும்பம் ஜாபஸ்."

பதினாறு குடும்பம் என்று சொன்னால் ஜாபஸ் அடங்கிவிடுவார் என்று மனோகரனுக்குத் தெரியும். இந்த ஊரில் தப்பு செய்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பதினாறு குடும்பம் கைவசம் இருக்கும். அரசாங்கத்துக்கு எழுதிப் போடலாமே என்று ஹில்டா சொன்னாள். ஜாபஸ் தலையை ஆட்டினார், எழுதவில்லை. பதினைந்து நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, ஒரு லீவு நாளில் சாயம், பொடி இரண்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சல் அதுதான். அதை மட்டும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

குக்கரை ஓட்டுகிறவர் சம்பந்தம். ஐம்பத்தாறு வயது, காட்டுப்பாக்கத்துக்காரர். காது கொஞ்சம் மந்தம், ஆனால் ஆவியின் சத்தம் மாறினால் மட்டும் உடனே திரும்புவார். கதவுக்குப் பக்கவாட்டில், அழுத்தம் காட்டுகிற கேஜுக்குக் கீழே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். குக்கர் செய்த பட்டறையிலிருந்து வந்திருக்கிறேன், ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று ஜாபஸ் சொன்னதும் டீ வரவழைத்தார்.

"டேங்க் வித்துட்டு எவனும் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்ததில்ல அண்ணாத்தே. நீதான் மொத ஆளு" என்றார்.

ஜாபஸ் வளையத்தைச் சுற்றி வெளிப்பக்கமாகச் சாயம் பூசிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. உள்பக்கம் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் குக்கரை நிறுத்தி ஆற வைக்க வேண்டும். மேனேஜரிடம் கேட்டார். 'பேப்பரில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று மேனேஜர் அங்கேயே மனோகரனுக்கு போன் போட்டார். எதிர்முனையில் மனோகரன் சிரிப்பது ஜாபஸுக்கே கேட்டது. அவர் நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்த ஆள், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜரும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சம்பந்தம் வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, நல்லா கீதா, இல்லியா? மறைக்காம சொல்லு."

"தெரியலண்ணே. வெளியே ஒண்ணும் இல்ல. உள்ளே கீதான்னு பாக்க வுடல. கதவு வளையம் நான் போட்டதுண்ணே. ராடுல ஈரம் இருந்துச்சு."

"போனா எந்தப் பக்கம் போவும்?"

"என் பக்கம்தான். கதவுப் பக்கம்."

அவ்வளவு வெளிப்படையாக ஒரு வெல்டர் சொல்லி சம்பந்தம் கேட்டதில்லை. போன் நம்பரை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை ஜாபஸ் ரயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது.

"அண்ணாத்தே, சம்பந்தம் பேசறேன். பின்பக்கம் எப்படி கீது? அது யாரு போட்டது?"

"அது தமிழரசு போட்டதுண்ணே. எஸ்டேட்லயே அவன மாதிரி கை கெடையாது. அதுக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க அந்தப் பக்கம் சேர் போட்டு ஒக்காந்துக்கங்க. கேஜைப் பாக்கறப்ப மட்டும் முன்னாடி வந்துட்டுப் போங்க."

"பின்பக்கம் பயமில்லியே?"

"எம் பொண்ணு மேல சத்தியமா பயமில்லண்ணே."

சம்பந்தம் நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டார். ஜாபஸுக்கு அன்று மதியம் சோறு இறங்கியது.

அதற்குப் பிறகு பதினாலு மாதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜாபஸ் போன் போடுவார். "எப்படி கீதுண்ணே?" "கீது அண்ணாத்தே." அதற்கு மேல் பேசத் தெரியாத இரண்டு பேர். சில நாள் மழையைப் பற்றிப் பேசுவார்கள். கதவு வளையத்தில் ஆவி கசிகிறதா என்று வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். சம்பந்தம் தவறாமல் செய்தார். ஜாபஸ் தினமும் ஜெபத்தில் அந்த ஏழாம் நம்பர் ஜாயிண்டைச் சொல்லி வேண்டிக்கொண்டார். அவருடைய மனம் முழுக்க அந்த வளையத்தைச் சுற்றியே கிடந்தது. இருபதடி தள்ளி இன்னொரு ஜாயிண்ட் இருக்கிறது என்பதே அவர் நினைப்பில் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மனோகரன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஜாபஸையும் தமிழரசுவையும் காரில் ஏறச் சொன்னார். குக்கர் போய்விட்டது, ஒரு ஆள் செத்துவிட்டார் என்று வானகரம் தாண்டின பிறகுதான் வாயைத் திறந்தார். யார் என்று ஜாபஸ் கேட்கவில்லை.

கம்பெனிக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் எங்கே போனார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஜாபஸ் நேரே கதவுப் பக்கம் ஓடினார். கதவு மூடியபடி இருந்தது. வளையம் இருந்தது. அவர் ஜாயிண்ட் அப்படியே இருந்தது. மேலே அடித்த பெயிண்ட்கூட உதிரவில்லை, ஓரத்தில் ஏழு என்கிற நம்பர் துலக்கமாகத் தெரிந்தது. கேஜுக்குக் கீழே மேஜை நின்றது. அதன் மேல் அன்றைய பேப்பர் மடித்தபடி இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் மனதில் அப்பாடா என்று இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் சாகும்வரை தன்னை மன்னிக்கப்போவதில்லை.

"சம்பந்தம் எங்க இருந்தாரு?" என்று அங்கே நின்ற ஒரு தொழிலாளியைக் கேட்டார்.

"பின்னாடி சார். ஒரு வருசமா அங்கதான் சேர் போட்டுகினு ஒக்காருவாரு. மூடி பொளந்துகினு ஆவி நேரா மேலயே..."

பின்பக்கத்து மூடி பாதிச் சுற்றளவுக்குப் பிய்ந்து வெளியே மடங்கிக் கிடந்தது. சுவர் முழுக்க ஈரம். ஜாபஸ் பிளந்த விளிம்பைக் குனிந்து பார்த்தார். நன்றாகச் சேர்ந்த இரும்பு கிழிந்தால் உடைந்த இடம் புதுசாகப் பளபளக்கும். இங்கே மேலே ஒரு விரல் கனத்துக்குத்தான் பளபளப்பு. அதற்குக் கீழே கறுத்த, பழைய விளிம்பு. தகட்டை வெட்டின மெஷினின் கோடுகள் அப்படியே இருந்தன. அந்த இடத்தில் இரண்டு தகடும் ஒன்றையொன்று தொட்டதே இல்லை. மேலே பூச்சரம், உள்ளே வெறும் பிளவு. ஒவ்வொரு தரம் ஆவி ஏறும்போதும் அந்தப் பிளவு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. பதினாலு மாதம், நாளைக்கு ஏழெட்டு தரம். சம்பந்தம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தமிழரசுவும் பார்த்தான். பார்த்துவிட்டு வெளியே போய் வேப்ப மரத்தடியில் வாந்தி எடுத்தான். ஜாபஸ் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"வெளியே போட்டப்புறம் உள்ள பூந்து, அடியில அரைச்சு எடுத்துட்டு மறுபடி போடணும்ணே. எனக்குத் தெரியாதா? அன்னிக்கு உள்ள அனல். மூச்சு முட்டுச்சு. பாதி அரைச்சேன், மீதிக்கு அப்டியே மேல போட்டு மூடிட்டேன். எக்ஸ்ரேக்காரன் எங்க படம் எடுப்பான்னு சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிருந்தாங்க. அந்த எடத்த மட்டும் சுத்தமா பண்ணேன். எல்லாரும் பண்றதுதானேண்ணே..."

எல்லோரும் செய்வதுதான். அதில் அவன் பொய் சொல்லவில்லை. ஜாபஸ் அவனை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அவனைத் திட்ட அவருக்கு என்ன யோக்கியதை? சம்பந்தத்தின் நாற்காலியை அங்கே போடச் சொன்னது தமிழரசு இல்லையே.

பிறகு நடந்ததை நீட்டி முழக்க வேண்டியதில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் இரும்பை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். கம்பெனி சேஃப்டி வால்வைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பட்டறை சொன்னது. கம்பெனி தன் பங்குக்கு ஒரு காகிதம் தயாரித்தது. ஆபரேட்டர் கேஜின் முன்னால் தன் இடத்தில் இல்லை, பின்னால் போய் உட்கார்ந்திருந்தார், அழுத்தத்தைக் கவனிக்கவில்லை என்று எழுதியது. பதில் சொல்ல முடியாத ஒரே ஆள் சம்பந்தம். அதனால் எல்லாம் அவர் தலையில் வந்து நின்றது. இடத்தை விட்டுப் போனவருக்கு நஷ்டஈட்டில் எவ்வளவு பிடித்தம் என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது.

சம்பந்தத்தின் மனைவி சுசீலா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனூருக்கு வந்தாள். புருஷனின் போனில் 'வெல்டர் அண்ணாத்தே' என்று போட்டிருந்த நம்பருக்குக் கூப்பிட்டு, விலாசம் கேட்டு, ஆவடியில் பஸ் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள். ஹில்டா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். அழுது முடித்த முகம். பேச்சில் தடுமாற்றம் இல்லை.

"வாரா வாரம் உங்ககூடத்தான் பேசுவாரு. அதான் வந்தேண்ணே. அவரு ஏன் எடத்த வுட்டுட்டுப் பின்னாடி போயி ஒக்காந்தாருன்னு கம்பெனில கேக்கறாங்க. வேலைக்கு ஓபி அடிச்சாருன்னு எழுதி வச்சிருக்காங்க. இருவத்திரெண்டு வருசம் ஒரு நாளு அவரு ஓபி அடிச்சதில்ல. உங்களுக்கு எதாச்சும் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். வாழ்நாள் முழுக்க பயந்த மனிதர் அன்றைக்கும் பயந்துதான் போனார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொன்னார்.

"நான்தாம்மா சொன்னேன். கதவுப் பக்கம் என் வேலை, அதுல எனக்கு சந்தேகம். பின்னாடி ஒக்காருங்கன்னு நான்தான் சொன்னேன்."

சுசீலா அவரையே பார்த்தாள். "கதவுப் பக்கம் இருந்திருந்தா?"

"உசுரோட இருந்திருப்பாரும்மா."

ஹில்டா வாயைப் பொத்திக்கொண்டாள். சுசீலா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஜாபஸ் காத்திருந்தார். அப்படி நடந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அத எழுதிக் குடுப்பீங்களாண்ணே? அவரு ஓபி அடிக்கலன்னு தெரிஞ்சா போதும்" என்றாள்.

எழுதினால் வேலை போகும். வேலை போவது என்ன, தெரிந்தும் மறைத்ததற்காக போலீஸ் வரைக்கும் போகலாம். எழுதினாலும் கம்பெனிக்காரன் மசிவான் என்று நிச்சயமில்லை. ஆபத்து என்று தெரிந்தும் ஏன் வேலை செய்தார் என்று அதையும் சம்பந்தம் பக்கமே திருப்பிவிடுவான். அதையும் அவர் அவளிடம் சொன்னார். பரவாயில்லை, எழுதுங்கள் என்றாள். ஹில்டா மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். ஈர ராடிலிருந்து நாற்காலி வரைக்கும் எல்லாவற்றையும் எழுதி, கீழே பெயரும் வெல்டர் நம்பரும் போட்டுக் கையெழுத்திட்டார். தமிழரசுவின் பெயரை மட்டும் எழுதவில்லை. அது மூன்று என்கிற நம்பராக இரும்பிலேயே இருந்தது.

சுசீலா தாளை வாங்கி மெதுவாக, உதடு அசைய ஒரு முறை முழுக்கப் படித்தாள்.

"ஒண்ணு வுட்டுப் போச்சேண்ணே. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு சாயங்காலம் ஊட்டுக்கு வந்து, இந்த வேல இனிமே வாணாம், வுட்டுடறேன் சுசீலான்னாரு. திருமழிசைல ஒரு மர டிப்போல வாட்ச்மேன் வேல கேட்டும் வச்சிருந்தாரு. நானும் சரின்னேன். காலைல போயி எழுதிக் குடுத்துட்டு வரேன்னு சட்டய மாட்டிகினு நின்னவரு, கடசியா உங்கள ஒரு வார்த்த கேட்டுடலாம்னு போன் போட்டாரு. பேசி முடிச்சிட்டு, 'பின்பக்கம் ஒண்ணும் ஆவாதாம், பொண்ணு மேல சத்தியம் பண்றாரு அந்த மனுசன், அப்பறம் இன்னா பயம்'னு சோத்து டப்பாவ எடுத்துகினு வேலைக்குப் போயிட்டாரு." அவள் தாளை அவர் முன்னால் நீட்டினாள். "அதயும் எழுதணுமாண்ணே?"

"எழுதணும்மா" என்றார் ஜாபஸ்.

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மேலே இடம் இல்லாததால் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்.